கனகசிங்கத்தாரின் இரண்டு பெட்டிகள்

கனகசிங்கம் தன் வீட்டு முன்னறைக்குள் நுழையும்போதெல்லாம் ஒருதரம் கை தட்டுவார். ஒரேயொரு தட்டு. தட்டிவிட்டுத் தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சேர்ட்டைக் கழற்றி ஆணியில் கொழுவுவார். இந்தப் பழக்கம் தொடங்கிய நாட்களில், தன்னைத்தான் கூப்பிடுகிறாராக்கும் என்று நினைத்து மனைவி கண்ணகை குசினியிலிருந்து ஈரக்கையோடு ஓடி வருவாள்.

"உன்ன ஆரு கூப்பிட்ட?" என்பார்.

அறை சத்தத்தை எப்படித் திருப்பித் தருகிறது என்று பார்க்கிறாராம். கண்ணகை ஓடி வருவதை ஒரு கிழமையில் நிறுத்திவிட்டாள். அவர் கை தட்டுவதை இருபத்திரண்டு வருடமாக நிறுத்தவில்லை.

அவர்கள் வீடு குருமண்வெளியில், மண்டூருக்குத் தோணி போகும் துறைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கனகசிங்கம் தபால் கந்தோரில் முத்திரை விற்கும் கிளாக்கர். பிள்ளை குட்டி இல்லை. ஊரில் கனகசிங்கங்கள் மூன்று பேர் இருந்ததால் இவரைச் 'சவுண்ட் கனகசிங்கம்' என்றார்கள். ஊரார் அதைச் சொல்லும்போது வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அவருக்கு அது பட்டம் கிடைத்த மாதிரி.

எழுபத்தொன்பதாம் ஆண்டு மிசன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். மற்றவர்கள் கட்டிலும் கதிரையும் வாங்கிக்கொண்டு வர, கனகசிங்கம் கசெற் போடுகிற ஒரு அம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கி வந்தார். பெட்டி ஒவ்வொன்றும் ஒரு சின்ன அரிசிப் பெட்டி அளவு. தேக்கு நிறம், முகத்தில் கறுப்புத் துணி. புத்தக அலுமாரியில் வைப்பதற்கென்றே செய்த பெட்டிகளாம் அவை. அந்த வீட்டில் புத்தகம் என்று இருந்தது பஞ்சாங்கமும் தபால் கந்தோரின் கட்டண அட்டவணையும்தான். ஆகவே அலுமாரி தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது உரல். பெட்டியின் வாய் கதிரையில் இருக்கிறவரின் காதுக்கு நேராக இருக்க வேண்டும், அதன் காலடி அசையவே கூடாது என்று அவருக்குத் தோன்றியது. ஊரில் அசையாத பொருள் எது என்று மூன்று நாள் யோசித்துவிட்டு, கண்ணகைக்குச் சீதனமாக வந்த உரலைத் தூக்கி முன்னறையில் கவிழ்த்தார். இரண்டாவது உரல் மண்டூரில் கண்ணகையின் அக்கா வீட்டிலிருந்து தோணியில் வந்தது. இரண்டு நாளைக்கு என்று சொல்லித்தான் வாங்கி வந்தார். அன்றிலிருந்து அரிசி மா இடிப்பதற்குக் கண்ணகை சுளகையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். உரல் இருந்தும் உரல் இரவல் கேட்கிற வீடு அந்தத் துறையடியில் அது ஒன்றுதான்.

பெட்டிகள் சுவரை விட்டு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கு முடிச்சுப் போட்ட ஒரு கயிறு வைத்திருந்தார். ஒரு பெட்டிக்கும் மற்றதற்கும் எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் அவருடைய சாய்மனைக் கதிரை. மூன்றும் முக்கோணமாக நிற்க வேண்டும். சுவரில் படம் மாட்டுகிற இடத்திலெல்லாம் பன்பாய் தொங்கியது. முகத்துணி சத்தத்தை மூடுகிறதென்று அதையும் கழற்றிவிட்டார். கண்ணகையின் வெண்கலச் செம்புகள் பாட்டோடு சேர்ந்து கிணுகிணுக்கின்றன என்று அவற்றைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். பாட்டு நடக்கும்போது கண்ணகை இருமக்கூடாது. இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தால், பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில், அறையின் நட்ட நடுவில் வந்து நின்று பாடுவார் என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் பாடுகிறவர் வந்துதான் நின்றார். கதவோரத்தில் நின்ற கண்ணகைக்கே அது தெரிந்தது.

கண்ணகை ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கமாட்டாள். ஆனால் கண் சும்மா இராது. அவளுக்கும் ஒரு பொருள் இருந்தது. காலால் மிதிக்கிற தையல் மெசின். முன்னறை யன்னலோரம், கிழக்கு வெளிச்சம் விழும் இடத்தில் நின்றது. அவர் கந்தோருக்குப் போனபிறகு அவளுடைய ராச்சியம் தொடங்கும். அவர் வந்து கை தட்டியதும் முடியும். தன் உழைப்பில் வந்தது என்று அவள் கையால் தொட்டுக் காட்டக்கூடிய பொருள் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை தொடங்கி ஊர் இடம்பெயர்ந்தது. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னார்கள். கனகசிங்கம் அம்ப்ளிபயரை முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, தன் சைக்கிளின் கரியரில் ஒரு பெட்டியையும் குறுக்குக் கம்பியில் மற்றப் பெட்டியையும் கட்டினார், பெற்ற பிள்ளைகள் இரண்டை ஏற்றுகிற மாதிரி. கண்ணகை மெசினின் தலையைக் கழற்றிப் பழஞ்சேலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். இரும்பு இடுப்பை அறுத்தது. வழியில் ஒரு கிழவர், சைக்கிளில் அதை ஏற்றினால் என்ன என்று கேட்டார். அதிர்ச்சி பெட்டிக்குக் கூடாது என்று கனகசிங்கம் விளக்கம் சொன்னார்.

திரும்பி வந்தபோது வீட்டின் கூரை இருந்தது, உரல்கள் இருந்தன. மெசினின் கால்களும் துருவேறி அதே இடத்தில் நின்றன. சாமான் சட்டி இல்லை. கரண்ட் வருவதற்கு வருடம் ஒன்றுக்கு மேல் சென்றது. வந்ததும் பின்னேரத்தில் சில மணித்தியாலம்தான். ஊரே அதில் மாவரைக்கவும் ரேடியோவில் செய்தி கேட்கவும் அடிபட, கனகசிங்கம் கயிற்றை எடுத்துத் தூரம் அளந்தார்.

பிறகு வந்தது ஆமியின் சுற்றிவளைப்பு. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, விடியற்காலை. சோதனைக்கு வந்தவர்கள் முன்னறைக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். நின்றதில் குற்றமில்லை. கவிழ்த்த உரலின்மேல் ஒரு பெட்டி, அதிலிருந்து பாய்க்குக் கீழால் ஒரு வயர், எதிரே இன்னொரு உரல், இன்னொரு பெட்டி. குண்டுக்குப் பயந்த அந்த வருடங்களில் யார்தான் நிற்கமாட்டார்? கனகசிங்கம் முக்கோணத்தை இங்கிலீசில் விளக்கினார். அவர்களுடைய பெரியவன் பெட்டியில் காதை வைத்துக் கேட்டான். தூக்கிக் குலுக்கினான். கடைசியில் வயரைக் கழற்றச் சொல்லி, அதைச் சுருட்டிக் கையோடு எடுத்துக்கொண்டு போனான். ஒரு அடி இல்லை, ஏச்சு இல்லை. ஊரில் அன்றைக்கு மற்ற வீடுகளில் அழுத சத்தத்தைக் கேட்டவர்களுக்கு, போனது ஒரு வயர்தான் என்றால் அது தேங்காய் உடைக்க வேண்டிய விசயம்.

பழைய வயர் ஒரு கம்பி சிவப்பு, ஒரு கம்பி கறுப்பு. அப்படி ஒரு வயர் அப்போது டவுனிலும் கிடைக்கவில்லை. பல்ப் தொங்கவிடுகிற முறுக்கு வயர் வாங்கி வந்தார். இரண்டு கம்பியும் ஒரே மண்ணிறம். கோபத்தோடும் அவசரத்தோடும் பெட்டிகளின் பின்னால் குனிந்து திருகாணிகளை இறுக்கிவிட்டு, நாதஸ்வரக் கசெற் ஒன்றைப் போட்டார்.

நாதஸ்வரம் கேட்டது. தவில் தகரத்தில் தட்டுகிற மாதிரிக் கேட்டது. தவிலின் இடப்பக்கத்துக் கனத்த அடி, நெஞ்சில் வந்து முட்டுகிற அந்த அடி, இல்லை. பாடுகிற கசெற்றைப் போட்டால் பாடுகிறவர் நடுவிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. எங்கோ கிணற்றடியில் நின்று பாடினார்.

கனகசிங்கம் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சோதனைக்கு வந்தவர்கள் பெட்டிக்குள் இருந்த காந்தத்தை ஏதோ செய்துவிட்டார்கள். குலுக்கியதில் அதன் உயிர் போய்விட்டது. பெட்டியைத் திறந்து பார்க்கலாமே என்று யாரும் சொன்னால், சீமைக்காரன் ஒட்டியதைத் திறக்கக் கூடாது என்பார். அந்தக் காலத்தில் எவருடைய குறைக்கும் யுத்தத்தில் இடமிருந்தது. கடையில் நிறை குறைந்தால் யுத்தம், கடிதம் பிந்தினால் யுத்தம். தபால் கந்தோருக்கு வருகிறவர்களிடம் முத்திரையைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, "எனக்கும் இழப்புத்தான்" என்று சொல்லுவார். மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடமே ஒருமுறை சொன்னாராம். அவள் முத்திரையை நாக்கில் நனைத்துக் கடிதத்தில் ஒட்டிவிட்டுப் போய்விட்டாளாம். இதைக் கேள்விப்பட்டபோது கண்ணகைக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

உயிர் போன காந்தத்துக்கு அவர் செய்யாத வைத்தியம் இல்லை. உரல்களுக்குக் கீழே ஆற்று மண் பரப்பினார். பெட்டியைச் சுவரோடு ஒட்டினார், தள்ளினார், மூலைக்குள் திருகினார். பன்பாயை இரட்டிப்பாக்கினார். கூரை ஓட்டுக்கும் குற்றம் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு நாலு சுவரும் கோணல். வாவிக்கு அந்தப் பக்கம் செல் விழுந்து யன்னல் அதிரும்போது, "அதுதான் அடிச்சத்தம், கேட்டியா?" என்று ஏங்குவார். அந்தச் சத்தம்தான் வேண்டுமென்றால் அங்கேயே போய்க் கதிரையைப் போடலாமே என்று கண்ணகையின் வாய்வரை வரும். விழுங்கிவிடுவாள்.

ஒருநாள் பின்னேரம் கண்ணகை பெட்டிகளின் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தைக்கிற துணியின் பஞ்சு இரண்டு பெட்டியின் கறுப்பு வட்டத்திலும் ஒட்டியிருந்தது. அந்த நேரம் கரண்ட் வந்தது. அவர் அம்ப்ளிபயரைப் போட்டார். போட்டதும் எப்போதும் போல 'டொக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு இடப்பக்கத்துப் பஞ்சு முன்னால் துள்ளியது. வலப்பக்கத்துப் பஞ்சு உள்ளே போனது.

அடுத்த நாளும் பார்த்தாள். அதற்கடுத்த நாளும். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தது. கண்ணகைக்குக் காந்தம் தெரியாது, கரண்ட் தெரியாது. ஆனால் ஒரு தோணியில் இரண்டு பேர் எதிரெதிராகச் சவள் வலித்தால் தோணி நின்ற இடத்திலேயே நிற்கும் என்று தெரியும். சட்டையின் ஒரு கையை நல்ல பக்கமும் மற்றக் கையை மறுபக்கமும் வெளியாக வைத்துத் தைத்தால் அந்தச் சட்டை எப்படி இருக்கும் என்றும் தெரியும். துணியில் பிழை இல்லை. பிரித்துத் திருப்பித் தைத்தால் சரி.

இரண்டு நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சோறு போடும்போது சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. ஒரு பெட்டி வெளிய தள்ளுது, மத்தது உள்ள இழுக்குது. அது அப்பிடித்தானா?"

கனகசிங்கம் சோற்றைக் குழைத்துக்கொண்டே சொன்னார். "அது சீமைப் பெட்டி. அஞ்சாம் வகுப்புப் படிச்ச ஆக்களிட்டக் கேட்டுக்கொண்டா அது தள்ளுறது? நீ குழம்ப ஊத்து."

அவள் குழம்பை ஊற்றினாள். அதோடு அந்தக் கதை முடிந்தது. அவளாகத் திருகாணியைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. அவருடைய சத்தம் அவரோடு, எனக்கென்ன என்று இருந்துவிட்டாள்.

அவள் அப்படியே இருந்திருப்பாள், நல்லரத்தினம் மாஸ்டர் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால். ஓய்வு பெற்ற வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, இரண்டாவது கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, தெரியாத விசயங்களைத் தெளிவாக விளக்குகிறவர். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிறு, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு யன்னலோரத்து மெசினைக் கையால் காட்டினார். "அங்க நிக்குது உங்கட கள்ளன். இரும்பு சத்தத்தக் குடிக்கும் தம்பி."

மறுநாள் மெசின் குசினிக்குப் பின்னால் ஓலையால் சாய்த்து இறக்கியிருந்த பத்திக்குப் போனது. தூக்கிக்கொண்டு போனவர்கள் கனகசிங்கமும் மாஸ்டரும். கண்ணகையிடம் யாரும் கேட்கவில்லை. அவள் ஊசிப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். சத்தம் தேறியதா? ஒரு சதமும் தேறவில்லை. ஆனால் மாஸ்டர், குடித்த சத்தத்தைச் சுவர்கள் மெல்ல மெல்லத்தான் திருப்பித் தரும், ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்றார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. பத்திக்குள் ஒரு பக்கம் ஒழுக்கு, மறுபக்கம் அடுப்புப் புகை. பகலிலும் விளக்குக் கொளுத்தி வைத்துத்தான் ஊசியில் நூல் கோத்தாள். அந்த நேரத்தில்தான் கல்லாற்றிலிருந்து பீற்றிஸ் வந்தாள். அவளுடைய மகளும் இன்னும் ஏழு பிள்ளைகளும் மாதா கோயிலில் முதல்நன்மை எடுக்கப் போகிறார்கள். எட்டு வெள்ளைச் சட்டை, ஒரே மாதிரி, கையில் சுருக்கு வைத்து. இவ்வளவு பெரிய வேலை கண்ணகைக்கு இடம்பெயர்ந்து வந்தபிறகு கிடைக்கவில்லை. எட்டுத் தாய்மார் பார்ப்பார்கள். நன்றாக வந்தால் கல்லாறு முழுவதும் அவளிடம் வரும். கெட்டுப்போனால் அதுவும் கல்லாறு முழுவதும் தெரியும்.

முதல் சட்டை முடிகிற நேரத்தில் ஓலையிலிருந்து கரி கரைந்த ஒரு சொட்டு, நெஞ்சுப் பக்கத்தில் விழுந்தது. சவர்க்காரம் போட்டுப் பார்த்தாள், தேசிக்காய்ப் புளி போட்டுப் பார்த்தாள். தேயிலைக் கறை மாதிரி அது ஊறி நின்றது. பீற்றிஸ் வந்து சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நல்ல பிள்ளை, கோபிக்கத் தெரியாதவள்.

"கண்ணகையக்கா, நான் உங்கள ஏசல்ல. ஆனா நன்மை எடுக்கிற புள்ளைக்குக் கரி பட்ட சட்ட போடேலுமா? இன்னொண்டு இப்பிடி வந்தா மிச்சத் துணிய எடுத்துப் போயிருவன். ஏழு பேர் என்னத்தான் கேப்பாங்க."

கெட்டுப்போன சட்டைக்குப் பதிலாக ஒன்று, மிச்சம் ஏழு. நன்மை எடுக்கிற பெருநாளுக்கு இருந்தது பதினேழு நாள். அன்று பின்னேரம் கண்ணகை கணவனிடம், பதினேழு நாளைக்கு மட்டும் மெசினை யன்னலோரம் வைக்கக் கேட்டாள். கனகசிங்கம் கதிரையில் சாய்ந்தபடி, கண்ணைத் திறக்காமலே, வெள்ளைத் துணி தைக்கிறவள் குசினியைத் துப்பரவாக வைத்திருக்க வேண்டும் என்றார். இப்போதுதான் சுவர்கள் சத்தத்தைத் திருப்பித் தரத் தொடங்கியிருக்கின்றன, இந்த நேரத்தில் இரும்பைக் கொண்டுவந்தால் எல்லாம் பாழ் என்றார்.

கண்ணகை பத்திக்குள் போய் மெசினுக்கு முன்னால் இருந்தாள். அழவில்லை. சுவர் ஒன்றும் திருப்பித் தரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். என்ன பிழை என்பதும் தெரியும். எந்தப் பெட்டியின் எந்தத் திருகாணி என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்துகொண்டு ஓலைக்குக் கீழே கரி சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பவள் யார் என்று யோசித்துப் பார்த்தாள். நல்லரத்தினம் மாஸ்டரைவிடப் பெரிய மடைச்சி அவள்தான்.

சனிக்கிழமை கந்தோர் அரைநாள். காலையில் அசனார் வந்தார். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் துணியும் நூலும் கொண்டுவருகிற வியாபாரி. சண்டை தொடங்கியபின் நாலைந்து வருடம் இந்தப் பக்கம் வராமல் இருந்துவிட்டு, மறுபடி பகலில் மட்டும் வந்து போகிறவர். மெசினை உள்ளே தூக்கிவைக்க ஒரு கை தரமுடியுமா என்று கண்ணகை கேட்டாள்.

"தூக்கலாம் தங்கச்சி," என்றார் அசனார். "மனிசன் வந்தா மெசின வெளிய போடுவாரா, உங்கள வெளிய போடுவாரா?"

"என்னத் தூக்க ரெண்டு பேர் வேணும் காக்கா. அவர் தனிய," என்றாள் கண்ணகை. அவள் ஒரு ஆம்பிளைக்கு இவ்வளவு நீளமாகப் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

அசனார் சிரித்துக்கொண்டே தூக்கிவைத்துவிட்டுப் போனார். கண்ணகை கதவைச் சாத்தினாள். மெசின் லாச்சியை இழுத்து, திருகாணி முடுக்குகிற சின்னத் திருப்புளியை எடுத்தாள். அம்ப்ளிபயரின் வயர் சுவரில் இல்லை என்று இரண்டு தரம் பார்த்தாள். வலப்பக்கப் பெட்டியின் பின்னால் குந்தியிருந்து, இரண்டு திருகாணியையும் தளர்த்தி, மேல் கம்பியைக் கீழும் கீழ்க் கம்பியை மேலும் மாற்றினாள். எது எதுவென்று பிறகு தெரிய வேண்டுமே என்று ஒரு கம்பியில் வெள்ளை நூலால் ஒரு முடிச்சுப் போட்டாள். ஒரு பொத்தான் தைக்கிற நேரம்தான் சென்றது. இதற்காகத்தான் மூன்று வருடம் ஆற்று மண் அள்ளியது.

கனகசிங்கம் வந்தார், கை தட்டினார், மெசினைக் கண்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்துவிட்டுக் கண்ணகை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு பாட்டுக் கேளுங்க. சரியில்லெண்டா நானே இழுத்துக்கொண்டு போய்ப் பத்திக்குள்ள வைக்கிறன்."

அவளுடைய மூடத்தனத்தை நிரூபிப்பதற்காகவே அவர் அந்த நாதஸ்வரக் கசெற்றை எடுத்துப் போட்டார்.

தவில்காரன் வந்துவிட்டான். இடக்கை அடி ஒன்று விழுந்ததும் கதவோரத்தில் நின்ற கண்ணகையின் அடிவயிற்றில் அது வந்து முட்டியது. நாதஸ்வரம் அறையின் நட்ட நடுவில், ஆள் உயரத்தில் எழுந்து நின்றது. நல்ல சத்தம்தான், அதில் பொய் இல்லை. கனகசிங்கம் கதிரையில் இருக்கவும் மறந்து நின்றார். கசெற் ஒரு பக்கம் முடியும்வரை நின்றார். பிறகு மெசினைப் பார்த்தார். கண்ணகையைப் பார்க்கவில்லை.

"இரும்பு," என்றார்.

உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மாஸ்டரைக் கூட்டி வந்தார். சோதித்துத்தான் நம்ப வேண்டும் என்றார் மாஸ்டர். இரண்டு பேரும் மெசினைத் தூக்கிப் பத்திக்குக் கொண்டுபோனார்கள். தூக்கின களைப்பில் முற்றத்து வாங்குப் பலகையில் இருந்து தேத்தண்ணி கேட்டார்கள். கண்ணகை தண்ணியை அடுப்பில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கம்பியை மாற்றினாள். அவர்கள் வந்து கேட்டார்கள். தகரம்.

மறுபடி மெசின் உள்ளே வந்தது, மறுபடி களைப்பு, மறுபடி வாங்கு. கண்ணகை பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து ஒரு திருகாணியை இறுக்கி மற்றதில் கை வைத்த நேரம், மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க மாஸ்டர் உள்ளே வந்துவிட்டார். அவளுடைய கையில் திருப்புளி.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "அந்த மூலைக்குள்ளயும் ஒட்டட கிடக்கு புள்ள, அதையும் கூட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு பெண்பிள்ளை குனிந்திருந்தால் கூட்டுகிறாள் என்றுதான் அந்தக் கண்ணாடிக்குத் தெரியும். கண்ணகை இரண்டாவது திருகாணியையும் இறுக்கினாள்.

தவில் அதிர்ந்தது. மாஸ்டர் கையை உயர்த்தி, தான் அன்றைக்கே சொன்னதாகச் சொன்னார்.

"இரும்பு சத்தத்தக் குடிக்கும் எண்டுதானே மாஸ்டர் சொன்ன நீங்க?" என்றார் கனகசிங்கம்.

"குடிச்சாத்தானே தம்பி வயித்துக்குள்ள நிக்கும். நிண்டாத்தானே திருப்பித் தரும்."

கனகசிங்கம் அதைப் பெரிய வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சோக்கட்டியால் மெசினின் நாலு காலையும் சுற்றிக் கோடு போட்டார். அதை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் சத்தம் கலையும் என்று கண்ணகையை எச்சரித்தார். கண்ணகை தலையாட்டினாள்.

கிழக்கு வெளிச்சத்தில் எட்டுச் சட்டையும் பதினாலு நாளில் முடிந்தன. பீற்றிஸ் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் தங்கையின் கல்யாணச் சட்டைத் துணியைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

கனகசிங்கத்தாரின் கண்டுபிடிப்பு ஊரில் பரவியது. தபால் கந்தோரில் முத்திரை வாங்கப் போனவர்கள் எல்லாம் இரும்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். துறையடியில் ஒருவர் தன் ரேடியோவுக்குப் பக்கத்தில் தோணியின் நங்கூரத்தைக் கொண்டுபோய் வைத்தார். நல்ல வித்தியாசம் தெரிகிறது என்றும் சொன்னார்.

இப்போது இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு. சண்டை முடியவில்லை. கனகசிங்கம் பென்சன் எடுத்துவிட்டார். முன்னறைக்குள் நுழையும்போது இன்னும் கை தட்டுகிறார். வலப்பக்கப் பெட்டியின் வயரில் ஒரு வெள்ளை நூல் முடிச்சு இருக்கிறது. அவர் அதைப் பார்த்ததில்லை. உரல்கள் இரண்டும் பெட்டிகளுக்குக் கீழேதான் கிடக்கின்றன. மா இடிக்கக் கண்ணகை அடுத்த வீட்டுக்குத்தான் போகிறாள். மெசின் யன்னலோரம் நிற்கிறது.